நாற்பது கட்டங்களைச் சதுரமாக அடுக்குவது எப்படி?

அடிப்படைக் கணிதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து மேலே படிக்கலாம் என்று முடிவெடுத்தபோது, முதலில் கணக்கில் ஒரு தேர்வு தேறிவிட்டு வாருங்கள் என்றார்கள், சேர்ந்தேன். முதல் நாளே ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள், யாருக்கு எது வரும் எது வராது என்று ஆசிரியை தெரிந்துகொள்வதற்காக. அதில் கடைசிக் கேள்வி: 4, 0.4, 0.04 மூன்றுக்கும் வர்க்கமூலம் எழுதுக. நான் எழுதியது 2, 0.2, 0.02. அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. 4-க்கு 2 என்றால் மற்ற இரண்டும் அதே மாதிரிதானே, புள்ளியை மட்டும் அதனதன் இடத்தில் வைத்தால் போதும் என்று நினைத்தேன்.

மூன்றில் முதலாவது மட்டும்தான் சரி.

ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. "நீங்க எழுதினதைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்க, 0.2-ஐ 0.2-ஆல்" என்றார். பெருக்கினேன். 0.4 வந்தது. "சரியாத்தானே இருக்கு" என்றேன், நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். அவர் என் நோட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வர்க்கமூலத்தில் பிரச்சினை இல்லை, தசமத்தில் இருக்கு, அங்கிருந்து போகலாம்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. தசமம் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் வருமே, புள்ளிக்குக் கீழே புள்ளியை வைத்து நேராக எழுதினால் சரியாகிவிடும். ஆனால் புள்ளிக்கு வலது பக்கம் நிற்கும் எண்கள் என்ன அளவு என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. 0.45 பெரியதா 0.5 பெரியதா என்று கேட்டபோது ஒரு நொடி தடுமாறினேன், ஏனென்றால் மனசுக்குள் அதை "புள்ளி நாற்பத்தைந்து" என்று வாசித்தேன், நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே. "புள்ளி நான்கு ஐந்து" என்று ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்வது வெறும் உச்சரிப்பு விதி என்று நினைத்திருந்தேன். அதில் அர்த்தம் இருக்கிறது. அந்த 4 என்பது பத்தில் நான்கு, அந்த 5 என்பது நூறில் ஐந்து. இரண்டும் ஒரே வகைக் காசு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வர்க்கமூலத்தை 4-இல் ஆரம்பித்துச் சொல்லிக்கொடுப்பது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. அதனால் வர்க்கமூலம் என்றால் பாதி என்ற ஒரு எண்ணம் நமக்கே தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் 0.4-க்கு 0.2 என்று எழுதியதில் அந்தப் பாதியும் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. 9-இல் ஆரம்பித்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

சரி, தசமத்துக்கு வருவோம். ஆசிரியை எங்களை ஒன்று செய்யச் சொன்னார்: எந்தத் தசம எண்ணை எழுதினாலும், ஒவ்வொரு இலக்கத்தின் தலைக்கு மேலும் ஒரு சிறிய வட்டம் போட்டு அதற்குள் ஓர் எண் எழுத வேண்டும். ஒன்றுகளின் இடம் என்றால் வட்டத்துக்குள் 0. பத்தில் ஒன்று என்றால் 1. நூறில் ஒன்று என்றால் 2. ஆயிரத்தில் ஒன்று என்றால் 3. முதல் வாரம் இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது, வேண்டாவெறுப்பாகத்தான் போட்டேன். பிறகு அவரே சொன்னார், ஐரோப்பாவில் தசமம் பரவக் காரணமாக இருந்த சைமன் ஸ்டெவின் என்பவர் 1585-இல் வெளியிட்ட சிறு நூலில் இப்படித்தான் எழுதினார் என்று. அவர் புள்ளியே வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்தோடும் வட்டத்துக்குள் ஓர் எண்ணைப் போட்டு, இது எந்த இடம் என்று காட்டினார். எழுதுவதற்கு நீளம்தான், புள்ளி வந்த பிறகு அது வழக்கொழிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அந்த வட்டம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டிவிடுகிறது. புள்ளி எதையும் சொல்வதில்லை, எங்கேயோ ஓரிடத்தில் பேசாமல் நிற்கிறது.

வட்டத்தோடு பெருக்கிப் பார்த்தபோதுதான் முதல் முறையாக எனக்கு வெளிச்சம் வந்தது. 0.2 என்பது வட்டம் 1 போட்ட 2. அதை அதாலேயே பெருக்கினால் 4 வரும், வட்டத்துக்குள் இருக்கும் எண்களைக் கூட்ட வேண்டும், 1-உம் 1-உம் 2. ஆக வட்டம் 2 போட்ட 4, அதாவது நூறில் நான்கு, 0.04. பத்தில் ஒன்றில் பத்தில் ஒன்று எடுத்தால் நூறில் ஒன்று. இவ்வளவுதான். பாதியில் பாதி கால் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது தானாகவே நமக்குத் தெரியும், ஆனால் அதையே 0.5 × 0.5 = 0.25 என்று எழுதினால் பயந்துவிடுகிறோம். பெருக்கினால் எண் கூடும் என்ற பழைய நம்பிக்கைதான் காரணம். 0.5-ஆல் வகுத்தால் எண் இரட்டிப்பாகிறது என்பதும் அதே இடத்தில்தான் இடிக்கும். 3-ஐ 0.5-ஆல் வகுப்பது என்றால், மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்பது, ஆறு. அப்படிக் கேட்டால் ஒன்றுமே இல்லை.

இப்போது முக்கியமான இடம். ஆசிரியை ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, பத்துக்குப் பத்து என்று ஒரு பெரிய சதுரம் வரையச் சொன்னார். பெரிய சதுரத்தின் பக்கம் 1, பரப்பும் 1. உள்ளே நூறு சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கமும் 0.1, பரப்பு 0.01. "0.04-னா எத்தனை கட்டம்?" நான்கு. "அந்த நான்கையும் சதுரமா அடுக்கினா பக்கம் எவ்வளவு?" இரண்டு கட்டம், அதாவது 0.2. "சரி, 0.4-னா எத்தனை கட்டம்?" அங்கே நான் நின்றுவிட்டேன். நாற்பது. நான்கு இல்லை, நாற்பது. நாற்பது கட்டங்களை யாராலும் முழுச் சதுரமாக அடுக்க முடியாது. ஆறுக்கு ஆறு அடுக்கினால் 36, நான்கு கட்டம் மிச்சம். ஏழுக்கு ஏழு அடுக்க 49 வேண்டும், ஒன்பது குறைகிறது. ஆக 0.4-இன் வர்க்கமூலம் 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நான் எழுதிய 0.2 அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பென்சிலால் அந்த 36 கட்டங்களுக்கு நிழல் போட்டேன், பெரிய சதுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. என்னுடைய 0.2 ஒரு மூலையில் நான்கே நான்கு கட்டமாக இருந்தது.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒன்றுக்குக் கீழே உள்ள எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அது பெரிதாகும் என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். காலின் வர்க்கமூலம் அரை. 0.81-க்கு 0.9. கையில் கால்குலேட்டர் இருந்தால் 0.01 என்று போட்டு வர்க்கமூலப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள்: 0.1, 0.316, 0.562, 0.750, 0.866 என்று ஏறிக்கொண்டே போய் 1-ஐ நெருங்கும். 100 போட்டு அழுத்தினால் 10, 3.162, 1.778, 1.334 என்று இறங்கி அதே 1-க்கு வரும். நான் ஒரு நாள் இதை அழுத்திக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வட்டத்துக்குத் திரும்புவோம். பெருக்கும்போது வட்டத்து எண்களைக் கூட்டுகிறோம், அதனால் ஓர் எண்ணை அதாலேயே பெருக்கினால் வட்டத்து எண் இரட்டிப்பாகும். அப்படியானால் வர்க்கமூலம் எடுக்கும்போது அது பாதியாக வேண்டும். 0.04 என்பது வட்டம் 2 போட்ட 4, அதன் வர்க்கமூலம் வட்டம் 1 போட்ட 2. ஆனால் 0.4 என்பது வட்டம் 1 போட்ட 4. ஒன்றில் பாதி ஏது? அரை வட்டம் என்று ஓர் இடம் கிடையாது. அதனால் அதை வட்டம் 2 போட்ட 40 என்று மாற்றி எழுதிக்கொண்டுதான் ஆரம்பிக்க முடியும். வர்க்கமூலக் கணக்கில் இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரிக்கச் சொல்வார்களே, தசமத்தில் குறைந்தால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்துக்கொள் என்பார்களே, அதற்கான காரணம் முழுக்க இதுதான். பள்ளியில் அந்த ஜோடி பிரிப்பதை நான் ஒரு சடங்கு மாதிரிச் செய்தேன். ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இதிலிருந்து இன்னொரு விஷயம் தானாகவே வந்தது, நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு நிறையச் சந்தோஷம். கடைசியில் தேவையில்லாத பூஜ்ஜியம் இல்லாமல் எழுதிய ஒரு தசம எண்ணில், புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் அதன் வர்க்கமூலம் ஒருபோதும் முழுசாக முடியாது. 1.44-க்கு 1.2, முடிந்தது. 14.4-க்கு 3.7947 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும். 144-க்கு மறுபடியும் 12. புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் வர்க்கமூலத்தின் இலக்கங்களே வேறாகிவிடும், இரண்டு இடம் நகர்ந்தால் அதே இலக்கங்கள் திரும்ப வரும். 2-க்கு 1.41421, 20-க்கு 4.47213, 200-க்கு 14.1421, 2000-க்கு 44.7213. ஒன்று விட்டு ஒன்று ஓடும் இரண்டு குடும்பங்கள்.

இப்படி ஒன்று விட்டு ஒன்றாக இடங்களைப் பார்ப்பது மிகப் பழைய விஷயம். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு எழுதிய ஆரியபட்டீயத்தில் வர்க்கமூலம் எடுக்கும் முறை ஒரே ஒரு செய்யுளில் இருக்கிறது. ஒன்றுகளின் இடத்திலிருந்து எண்ணும்போது ஒற்றைப்படை இடங்கள் வர்க்க இடம், இரட்டைப்படை இடங்கள் அவர்க்க இடம். அவர்க்க இடத்தை அதுவரை கிடைத்த மூலத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும், வர்க்க இடத்திலிருந்து ஈவின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பள்ளியில் நாம் நீள் வகுத்தல் முறை என்று படித்ததன் உள்ளே இருப்பதும் இதே யோசனைதான்.

அந்த "இரு மடங்கு" எனக்கு இன்னொரு பெரிய புதிராக இருந்தது. எதற்கு இரட்டிக்க வேண்டும்? இதற்கும் கட்டத்தாளிலேயே விடை கிடைத்தது. 1156-இன் வர்க்கமூலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1156 கட்டங்கள் கையில் இருக்கின்றன, அதைச் சதுரமாக அடுக்க வேண்டும். முதலில் முப்பதுக்கு முப்பது அடுக்கிவிடலாம், 900 போய்விட்டது, கையில் 256. இந்த மீதியை வைத்துச் சதுரத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது சதுரமாக இருக்காது, வலது பக்கமும் கீழ்ப் பக்கமும் சமமான அகலத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கம் என்பதால்தான் இரட்டிப்பு! முப்பது நீளத்தில் இரண்டு பட்டை, மொத்தம் அறுபது. அப்புறம் அந்த இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலையில் ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கும், அதையும் நிரப்ப வேண்டும். அகலம் 4 என்றால் பட்டைகளுக்கு 60 × 4 = 240, மூலைக்கு 4 × 4 = 16, கூட்டினால் 256. சரியாகத் தீர்ந்தது. விடை 34. 64-ஐ 4-ஆல் பெருக்குகிறோமே, அந்த 64-இன் 60 இரண்டு பட்டைகள், 4 மூலை. மூன்றை இரட்டித்து வரும் ஆறுக்குப் பக்கத்தில் ஓர் இலக்கத்தை ஒட்டி அதே இலக்கத்தால் பெருக்கு என்று சொல்லித்தந்த விதிக்கு இப்படி ஒரு படம் இருக்கிறது என்று அன்றே யாராவது வரைந்து காட்டியிருந்தால் நான் கணக்கை விட்டு ஓடியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

2-இன் வர்க்கமூலத்தை இப்படியே போட்டோம். 1 போனால் மீதி 1, இரண்டு பூஜ்ஜியம் இறக்கினால் 100. ஒன்றை இரட்டித்தால் 2, அதோடு 4 ஒட்டி 24 × 4 = 96, மீதி 4. மறுபடி இரண்டு பூஜ்ஜியம், 400. 14-ஐ இரட்டித்து 28, 281 × 1 = 281, மீதி 119. அடுத்து 11900, 2824 × 4 = 11296, மீதி 604. ஆக 1.414 வந்தாயிற்று, இன்னும் மீதி இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் மீதி இருக்கும், 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண், முடியவும் செய்யாது, ஒரே கோவை திரும்பத் திரும்ப வரவும் செய்யாது. ஒவ்வொரு முறை இரண்டு பூஜ்ஜியம் இறக்கும்போதும், மீதியுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் நூறு பொடிக் கட்டங்களாக வெட்டி அவற்றை இரண்டு பக்கமும் ஒட்டுகிறோம் என்று இப்போது எனக்குக் கண்ணில் தெரிகிறது. தசமம் என்பது இந்த வெட்டுதல்தான்.

விடையைச் சரிபார்க்க 1.4142-ஐ அதாலேயே பெருக்கினால் 1.99996164 வரும். வகுப்பில் ஒருவர் "அப்போ இது தப்புதானே" என்று கேட்டார், நல்ல கேள்வி. தப்பு இல்லை, இத்தனை இடத்துக்குச் சரி. எத்தனை இடம் தேவை என்பது எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள், 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். அதைச் சரி பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வர வேண்டும் என்பதற்காக நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை 2-இன் வர்க்கமூலமாக வைத்திருக்கிறார்கள். 297-ஐ 210-ஆல் வகுத்துச் சுருக்கினால் 99/70. 99-இன் வர்க்கம் 9801. 70-இன் வர்க்கத்தின் இரு மடங்கு 9800. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! தாளின் ஒரு மூலையைப் பிடித்து, அகலப் பக்கம் நீளப் பக்கத்தோடு ஒட்டும்படி மடித்தால் ஒரு சாய்ந்த மடிப்பு விழும், அந்த மடிப்பின் நீளமும் தாளின் நீளமும் ஒன்றாக இருக்கும். இன்னொரு தாளை வைத்து அளந்து பார்த்தேன், கண்ணுக்கு ஒரு மயிரிழைகூட வித்தியாசம் தெரியவில்லை.

நீள் வகுத்தல் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு இதுவும் மிகவும் பிடித்துப்போனது. ஊகிக்க வேண்டியதுதான். 2-க்கு 1.5 என்று ஊகிக்கிறேன். 2-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1.3333. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு, உண்மை நடுவில் இருக்கிறது, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 1.41666. அதையே மறுபடி செய்தால் 1.414215. இரண்டே சுற்றில் ஐந்து இலக்கம் சரியாகிவிட்டது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது, ஏறத்தாழ 3,600 முதல் 3,800 வருடம் பழையது, உள்ளங்கை அளவுதான். அதில் ஒரு சதுரமும் மூலைவிட்டங்களும் வரைந்து, மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்று எழுதியிருக்கிறது. அவர்கள் பத்துக்குப் பதில் அறுபது அறுபதாக வெட்டினார்கள். நம் கணக்குக்கு மாற்றினால் 1.41421296. புள்ளிக்குப் பிறகு முதல் ஐந்து இலக்கமும் சரி. பத்தாக வெட்டுவதா அறுபதாக வெட்டுவதா என்பதுதான் வித்தியாசம், யோசனை ஒன்றே.

போன வாரம் வீட்டுப்பாடமாக வந்தது 0.5-இன் வர்க்கமூலம். நான்கு மாதம் முன்பு என்றால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை. இந்த முறை முதலில் வட்டம் போட்டேன், ஒற்றைப்படை, அதனால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து ஐம்பது கட்டம். ஏழுக்கு ஏழு அடுக்கினால் 49, ஒரே ஒரு கட்டம் மீதி. அதை நூறாக வெட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 140, மூலைக்கு 1, ஒரு வரிசை ஒட்ட 141 வேண்டும், இருப்பது நூறுதான், போதாது, அதனால் அந்த இடத்தில் 0. மறுபடி வெட்டினால் 10000. 70-ஐ இரட்டித்து 140, 1407 × 7 = 9849, மீதி 151. இதுவரை 0.707. அடுத்து 15100. 707-ஐ இரட்டித்தால் 1414.

அங்கே பேனாவை நிறுத்திவிட்டேன். இந்த எண்ணை எனக்குத் தெரியுமே! அடுத்த இலக்கம் 1 வந்தது, 0.7071, அதை இரட்டித்தால் 14142. 2-இன் வர்க்கமூலம் என் கணக்கின் ஓரத்தில் ஒவ்வோர் இலக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தது. ஏன் என்று யோசிக்க அன்று ராத்திரி வெகு நேரம் ஆனது. 0.5 பரப்புள்ள சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், 0.5-இன் நான்கு மடங்கு 2. கட்டம் போட்ட தாளில் அந்தச் சதுரங்கள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து, மறுநாள் வகுப்புக்கு எடுத்துப்போய் ஆசிரியையிடம் காட்டினேன்.